உப்புப் பார்க்கிற நாக்கு

மணமேல்குடிப் பக்கத்து இறால் பண்ணைகளில் ஆண்டியப்பனின் நாக்குக்கு இருந்த மரியாதை அந்த ஆளுக்குக்கூட இருந்ததில்லை. குட்டைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "உப்பு பதினஞ்சு" என்பார். கண்ணில் வைத்துப் பார்க்கிற உப்பு மீட்டரும் பதினைந்து என்றே காட்டும். ஒருமுறை மீட்டர் பத்தொன்பது காட்ட, இவர் பதினாறுதான் என்று அடம்பிடித்தார். கடைசியில் மீட்டரில்தான் கோளாறு. அன்றிலிருந்து மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. "அது வெறும் கண்ணாடிங்க, அதுக்கு என்ன தெரியும் உப்பு?" என்று மீட்டரை நக்கலடிக்காத நாளில்லை.

அந்த நாக்குதான் இருபது நாளாகச் செத்துக் கிடந்தது. வந்து போன காய்ச்சல் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இத்தனைக்கும் அவர் கடற்கரையில் பிறந்தவர் இல்லை, அன்னவாசல் பக்கத்துச் செம்மண் காட்டு ஆள். செவந்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில், உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்து, ஊருக்கே ஓடிவிடலாமா என்று பார்த்தார். உடம்பு பழக ஒரு வருஷம் ஆயிற்று. பழகியபின் அந்த உப்புதான் சோறு போட்டது. ஐம்பத்து நாலு வயதில் நாக்கு போச்சு என்று எந்த வாயால் சொல்வது? முதலாளி ரகுநாத்திடம் சொல்லவில்லை. செவந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று விடிந்ததும் குஞ்சு வண்டி வந்துவிட்டது. ரெண்டு லட்சம் இறால் குஞ்சு, ஒவ்வொன்றும் இமை முடி அளவு. பைகளைக் குட்டையில் மிதக்கவிட்டு, பைத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரக் காத்திருந்தார்கள்.

"பையில பன்னெண்டு, குட்டையிலயும் பன்னெண்டுண்ணே. விட்டுரலாம்ல?" என்றார் ரகுநாத், கையில் மீட்டரோடு.

ஆண்டியப்பன் குட்டையின் நடுவைப் பார்த்தார். மூன்று நாளாக மழை. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும். குஞ்சு இல்லாத குட்டைக்கு எதற்கென்று தண்ணீரை அடித்துக் கலக்கிற காற்றாடியையும் ஓட்டவில்லை, மேலும் கீழும் கலக்கவில்லை. ரகுநாத் பார்த்தது கரையோரத்து மேல்தண்ணீர். குஞ்சுகளோ அடியில் போய்த்தான் உட்காரும்.

"அடித்தண்ணியப் பாத்துட்டுச் சொல்றேன்."

நெஞ்சளவு இறங்கி, மூடிய பாட்டிலை அடியில் வைத்துத் திறந்து மொண்டு வந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"எவ்வளவுண்ணே?"

"பொறுங்க தம்பி."

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வெளியே உப்பு திடீரென்று ஏறினால் குஞ்சின் உடம்புத் தண்ணீர் வெளியே ஓடிவிடும், குறைந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதன் செவுள் புது உப்புக்குத் தக்கபடி தன் வேலையை மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், அவகாசம் வேண்டும்.

வெள்ளை பேசினில் அடித்தண்ணீரை ஊற்றி ஒரு கை குஞ்சை விட்டார். கண்ணாடி மாதிரி உடம்போடு நீந்தின. கொஞ்ச நேரத்தில் ஒன்று மங்கியது. இன்னொன்று வெளுத்து வாலைச் சுருட்டியது. பின்னாலேயே பத்து, இருபது. ஐயையோ, ரெண்டு லட்சமும் இப்படித்தானே சுருளும்!

"நேரமாவுதுங்க, வெயில் ஏறுது" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார்.

ஆண்டியப்பன் கையை நீட்டினார். "தம்பி, அந்த மீட்டரை இங்கிட்டுக் குடுங்க."

ரகுநாத் சிரித்தேவிட்டார். "நீங்களா மீட்டரு கேக்குறீங்க?"

"என் நாக்குக்கு ருசி தெரியலைங்க. இருபது நாளாச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு."

சிரிப்பு நின்றது. மீட்டர் கைமாறியது. அடித்தண்ணீர் இருபது காட்டியது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னண்ணே?" என்று கத்திவிட்டு ரகுநாத் காற்றாடியைப் போட ஓடினார். மேலும் கீழும் கலந்ததும் பதினெட்டு. குஞ்சுகளைத் தொட்டியில் மாற்றி, காற்றுக் குழாய் போட்டு, குட்டைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நடுமத்தியானம் வரை ஆண்டியப்பன் தொட்டியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பிறகு ஒரு கிண்ணத்தில் குஞ்சுகளை எடுத்துத் தண்ணீரைச் சுழற்றினார். துவண்ட குஞ்சு நடுவில் போய்ச் சேரும். இவையோ சுழலை எதிர்த்து நீந்தின.

"விடலாம்" என்றார்.

ரகுநாத் முகம் கொடுக்காமலேயே மீட்டரை அவர் பக்கம் வைத்தார். "இனிமே இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

செவந்தி தூக்குவாளியோடு வந்தாள். அவளிடமும் சொன்னார்.

"தெரியும்" என்றபடி சோற்றில் குழம்பை ஊற்றினாள். "உப்புக் கம்மின்னு தட்டைத் தள்ளுற மனுசன் இருபது நாளா மூச்சுக்காட்டலையே. நாலு நாளா உப்பே போடாம ஆக்குறேன். நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன்."

பிசைந்த கை நின்றது. "அப்ப நாலு நாளா நீ என்னத்தத் தின்ன?"

"இதைத்தான். பெறகு என்ன, ஆளுக்கொரு சட்டியா வைப்பேன்?"