கழற்றி வைத்த மைக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். இருபத்திரண்டு வருஷமாக மின்னோட்டம், ஒலி அலை என்று கத்திக் கத்தி வாய் வலித்தவள். எங்கள் தெருவில் யாராவது பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், போகும்போது நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவேன். அதனால்தான் இதை இத்தனை நாள் வெளியே விடவில்லை. இப்போதுகூட நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் தறி நெய்கிறவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின் அறையில்தான் அவருடைய குழித்தறி. வாய் ஓயாத மனுஷர் அவர், கை காலெல்லாம் அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அடுப்படியில் இருக்கிற நான் பதில் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அப்படிப்பட்டவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றார், கசாயம் குடித்தார், மாசக்கணக்கில் இழுத்தார். கடைசியில் நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனால் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்பெட்டியை எடுத்தால் உயிர் தப்பும், கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு, பழைய குரல் திரும்ப வராது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்து பழகிப் பார்க்கிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், நல்ல பெண். இருநூறு வாக்கியம் அச்சடித்த தாள் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் இவர் குரலிலேயே இதையெல்லாம் பதிவு செய்து வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிப் போனில் ஏற்றித் தருகிறேன், அப்புறம் எது வேண்டுமோ அதை அவர் அழுத்தினால் போதும், அவர் குரலே பேசும் என்றாள். எனக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தாளைப் படித்தால் 'எனக்கு நீர் வேண்டும்', 'நான் உறங்கப் போகிறேன்' என்று இருந்தது. இவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஆபரேஷனுக்கு அப்புறம் நான் நியூஸ் வாசிக்கப் போறேனா என்று கேட்டார். இருநூறையும் நானே உட்கார்ந்து நம் பேச்சுக்கு மாற்றி எழுதினேன்.

முதலில் போனிலேயே பதிவு செய்து அனுப்பினோம். அந்தப் பெண் கேட்டுவிட்டு, மேடம், பின்னாடி டக்கு டக்கென்று என்ன சத்தம் என்றாள். எங்களுக்கு அது சத்தமாகவே காதில் விழுவதில்லை, தெரு முழுக்கத் தறி. நல்ல மைக் வைத்து, சத்தமில்லாத இடத்தில் எடுங்கள் என்றாள்.

தெருமுனையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் இஸ்மாயில் பாயிடம் போனேன். விளம்பரம் பேசிப் பதிவு செய்யும் மைக் ஒன்று வைத்திருந்தார், பெட்டிக்குள் வெல்வெட்டில் படுக்க வைத்து. கேட்டதும் கொடுத்துவிட்டார். என் அகம்பாவத்தைக் கேளுங்கள், எப்படி மாட்டுவது என்று அவர் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாதா என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மைக்கின் ஒயரில் மூன்று முள், கம்ப்யூட்டரில் இருப்பதோ சின்னத் துளை. கடையில் ஒரு மாற்று ஒயர் வாங்கி மாட்டினேன். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. ஒயரை மாற்றினேன், ஓட்டையை மாற்றினேன், அணைத்துப் போட்டேன், இரண்டு சாயங்காலம் போனதுதான் மிச்சம்.

பிறகு பாயே வந்து பார்த்துச் சிரித்தார். இந்த மாதிரி மைக்குக்கு வெளியிலிருந்து நாற்பத்தெட்டு வோல்ட் கொடுக்க வேண்டுமாம், கம்ப்யூட்டரின் சின்னத் துளையில் அது வராதாம். உள்ளங்கை அளவு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். மைக் ஒயர் அந்தப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து யுஎஸ்பி கம்ப்யூட்டருக்கு, பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அப்போதுதான் மைக்குக்கு உயிர். கம்ப்யூட்டரிடமும் இனிமேல் சத்தத்தை இந்தப் பெட்டியிலிருந்து எடு என்று செட்டிங்கில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. வேலை முடிந்ததும் பட்டனை அணைத்துவிட்டுத்தான் மைக்கைக் கழற்ற வேண்டும், கழற்றியதும் அதன் வெல்வெட் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்று பாய் இரண்டு தடவை சொன்னார். இயற்பியல் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை அமாவாசை. எங்கள் பக்கம் அமாவாசைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், தெருவே வாயை மூடிக்கொண்டிருக்கும். அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

வீட்டில் எதிரொலி இல்லாத இடம் தறி இருக்கும் அறைதான், சுற்றிலும் நூலும் பட்டும் தொங்குவதால். நாற்காலி போட்டால் கிறீச்சிட்டது, அதனால் அவருடைய வழக்கமான இடத்திலேயே, குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள் என்றேன். தயங்கினார்.

"அமாவாசையும் அதுவுமா தறியில உக்காரச் சொல்றியே, கௌரி."

"தறி நாடாவத் தொடாதீங்க. சும்மா உக்காந்துக்கினு பேசுங்க. நெய்யறதுக்கா சொன்னேன்?"

அவர் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். தறியின் மேல்கட்டையிலிருந்து மைக்கை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். சிபியு பெட்டியின் ஃபேன் இரைகிறது என்று அதை வாசற்படிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம், ஏனென்றால் பொழுது ஏறினால் அமாவாசைச் சோற்றுக்குக் காக்கைகள் வந்து தெருவைத் தூக்கிவிடும்.

ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். கரகரத்த, கிழிந்த குரல். பத்துக்கு ஒரு தரம் நிறுத்தி வெந்நீர் குடித்தார். எண்பத்தாறாவது, 'அப்புறமா சாப்புடறேன்', அதைச் சொல்லி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. துண்டை வாயிலிருந்து எடுத்தால் ரத்தம். டாக்டருக்குப் போன் செய்தேன், இனி ஆபரேஷன் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரத்தம் மறுபடி வந்தால் உடனே கிளம்பி வாருங்கள் என்றார். இவர் விரலைத் தாளில் எண்பத்தேழு மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் தாளைப் பிடுங்கிவிட்டேன். இன்னும் நூற்றுப் பதினாலு வாக்கியம், அவர் குரலில் இனி எந்தக் காலத்திலும் வராது என்று புரிந்தது.

பட்டனை அணைத்தேன், சிவப்பு விளக்கு அணைந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கினேன், மைக்கை வெல்வெட் பெட்டியில் வைத்து முன் அறை பீரோவில் பூட்டினேன். ஆத்திரத்தில் கம்ப்யூட்டரில் பதிவை மட்டும் நிறுத்தவில்லை, அது மறந்துபோனது. அவருக்குக் கஞ்சி கொடுத்துக் கட்டிலில் படுக்க வைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மறுபடி ரத்தம் வந்துவிடுமோ என்று இரண்டு மணி நேரம் அவர் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தூங்கினார். வெளியே காக்கைகள் தொண்டை கிழியக் கத்தின.

அவர் அசைய ஆரம்பித்ததும் கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று பின்னால் போனேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருமல் வரைக்கும் மேடு பள்ளமாக இருந்தது. அதற்குப் பிறகு நேர்கோடு வரவேண்டும், ஏனென்றால் பாய் கொடுத்த சின்னப் பெட்டியில் எதுவுமே மாட்டியில்லை. நேர்கோடு இல்லை. ஒரு மேடு, இடைவெளி, ஒரு மேடு, இடைவெளி என்று சீராகப் போயிருந்தது. இயந்திரக் கோளாறு என்று நினைத்து ஹெட்போனை மாட்டினேன்.

"மாத்திரைய எங்க வச்ச?"

எண்பத்தேழாவது வாக்கியம். கரகரப்பு இல்லை, கிழிசல் இல்லை. நோய் வருவதற்கு முன்னால் தறியிலிருந்து அடுப்படிக்குக் கேட்குமே, அந்தக் குரல். நான் மறந்தே போயிருந்த குரல். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, அதே வரிசையில் ஒன்றுகூட விடாமல். கடைசி நிமிஷத்தில் நான் பென்சிலால் திருத்திய வாக்கியம்கூடத் திருத்தியபடியே வந்தது. அத்தனை காக்கைகள் கத்தினவே, அதில் ஒரு கா இல்லை. இருநூறாவது முடிந்த பிறகுதான் கோடு நேரானது.

எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். சன்னதியில் திரை விலகும்போது கை தானாக எழும் இல்லையா, குனிந்து பார்த்தால் என் இரண்டு கையும் அப்படிக் கூப்பியிருந்தன. எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

அப்புறம் டீச்சர் புத்தி வந்தது. ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தேன், மைக் வெல்வெட் பெட்டிக்குள் கிடந்தது. ஒயர் இல்லாமல் மறுபடி பதிவு போட்டு அடித்தொண்டையில் கத்திப் பார்த்தேன், நேர்கோடு. வேறு மைக்கோ கேமராவோ அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. பாயைக் கூப்பிட்டேன். அவர் ஹெட்போனில் பத்து வாக்கியம் கேட்டார், ஒட்டு வெட்டு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார், ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சரம்மா, இத வச்சிக்கினு ஆராய்ச்சி பண்ணாதீங்க. குடுத்தத வாங்கிக்கங்க."

நான் என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. கத்திக்குப் போகிற மனுஷரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று எண்பத்தாறு போதும் என்றே சொல்லிவைத்தேன், பாயின் வாயையும் கட்டிப்போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கண் விழித்து, எழுதப் பலகை வேண்டும் என்று சைகை காட்டினார். வலி என்று எழுதுவார், தண்ணீர் என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். 'மீதி வந்துதா?' என்று எழுதினார். எந்த மீதி என்று கேட்டேன், அதற்குள் கண் சொருகிவிட்டது. பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அப்படி எழுதியதே நினைவில்லையாம்.

ஆறு மாசம் ஆகிவிட்டது. உடம்பு தேறி மறுபடி தறியில் உட்காருகிறார். இருநூறும் போனில் இருக்கின்றன, தான் பேசாத மீதி எப்படி வந்தது, அது மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கேட்டதற்கு, நீங்கள் பேசிய எண்பத்தாறை வைத்துப் பாய் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் செருப்பைக் கழற்றினால் போதும், பின் அறையிலிருந்து போனை அழுத்துவார், நூற்று நாற்பத்து மூன்று, 'நான் இங்கதான் இருக்கேன்'. ஒரு தடவைகூட அவர் வாயால் சொல்லாத வார்த்தைக்கு நான் தினமும், வரேன் இருங்க என்று பதில் சொல்கிறேன். சந்தோஷமாகத்தான் சொல்கிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. கழுத்துத் துளையை நான்தான் துடைத்துவிடுவேன். ஒருநாள் அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது விளையாட்டுக்குப் போனை அழுத்தினார், நூற்று நாற்பத்து மூன்றைத்தான். என் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வாக்கியம் முடிந்ததும் மறுபடி வந்தது. தற்செயல் என்று நினைத்து மற்றதையெல்லாம் நானே அழுத்திப் பார்த்தேன். எண்பத்தாறு வரைக்கும் மூச்சு சாதாரணமாக ஓடுகிறது. எண்பத்தேழிலிருந்து, போன் பேசும் நேரம் முழுக்க அவர் மூச்சு நிற்கிறது. அது அவருக்கே தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்று முடிந்து கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்ததை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் போன் கெட்டுவிடும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் வாய் ஓயாத மனுஷர், பேச்சு சுவாரசியத்தில் மறந்து அடுத்தடுத்து அழுத்திவிடுவார், நான் அடுப்பில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன்.