பரலில் அடித்த மட்காட்

என் லொறியின் பின்சில்லுகளுக்கு மேல் சேறு தெறிக்காமல் தடுக்கும் மட்காட்டுகளை உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. மாரியின் முதல் மழையிலேயே, சிலாவத்துறையில் ஏற்றிய மீன்பெட்டிகள் மேலெல்லாம் சேறு. மன்னார்ச் சந்தையில் இறக்கும்போது, அண்ணன் முறையில் நான் ‘நானா’ என்று கூப்பிடும் மீன் முதலாளி பார்த்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். அமைதியாகத்தான் சொன்னார்.

"இன்னொருக்கா இப்படி வந்தா நான் வேற லொறி பார்க்கத்தான் வேணும், தம்பி. குறை நினைக்காதீங்க."

அவருடைய மீனை விட்டால் எனக்கு வேறு நிலையான ஓட்டம் இல்லை. ஆனாலும் கராஜுக்குப் போக மனம் வரவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் வெல்டிங் பழகியவன் நான். என் லொறிக்கு இன்னொருவன் தகரம் அடிப்பதா?

வெறும் டீசல் பரல்கள் இரண்டை வாங்கி, கழுவி, உளியால் வெட்டி விரித்தேன். பரலின் வளைவு எங்கள் சில்லுக்குப் போதாது. கீரிக் கிராமத்தில் எங்கள் வளவில் கிடந்த பனங்குற்றியில் தகரத்தைப் போட்டு, மனைவி ஒரு முனையைப் பிடிக்க, அடித்தடித்து வளைவை அகட்டினேன். ரயருக்கும் தகரத்துக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விட்டுப் பூட்டினேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

"ஐஸும் மீனும் ஏத்தினா லொறி பதியும் எல்லோ? இன்னும் கொஞ்சம் உயத்துங்கோவன்," என்றாள் மனைவி.

"லொறி ஓடுறது நீரோ, நானோ?" என்றேன். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன.

அடுத்த நாள் பாரம் ஏற்றி அரை மைல் போகவில்லை, ரயர் தகரத்தில் உரஞ்சிப் புகை வந்தது. சிலாவத்துறைச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டையும் கழற்றி மீன்பெட்டிகள் மேல் போட்டுக்கொண்டு போனேன். அன்று மழை பெய்யாததால் ஓட்டம் தப்பியது. மானம் தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து மட்காட்டுகளை வளவில் இறக்கிப் போட்டேன். மனைவி தகரத்தில் ரயர் உரஞ்சிய தடத்தைப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்து வளவு மணலை உரப்பைகளில் அள்ளத் தொடங்கினாள். மீன்பாரத்தின் அளவுக்கு மூட்டைகளை ஏற்றியதும் லொறி பதிந்து நின்றது. அவளே குனிந்து ரயரின் மேல் விரல்களை வைத்தாள்.

"பள்ளத்தில விழுந்தா இன்னும் பதியும். ஆறு விரல் விடுங்கோ."

ஆறு விரல் விட்டு மறுபடி பூட்டி, அயல்வீட்டுக்காரர் தன் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் பூசினோம். இந்தத் தீவில் அதைப் போல வடிவான மட்காட் வேறெந்த லொறிக்கும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

பிறகு வந்தது நல்ல மழை. சந்தையில் முதலாளி ஒவ்வொரு பெட்டியாகத் தடவிப் பார்த்தார். கையில் சேறு ஒட்டவில்லை. பின்பக்கம் போய் மட்காட்டைத் தட்டினார்.

"எந்தக் கராஜ், தம்பி?"

"கராஜ் இல்லை, நானா. அடிச்சது நான். அளவு மனுசியின்ர," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.

"மச்சானிட லொறிக்கும் இது வேணும். நாளைக்கு மீன் கொண்டு வரக்குள்ள அளவெடுக்க உங்கட மனுசியையும் கூட்டிட்டு வாங்க."