எக்ஸ்ரே அக்காவின் டிராகன்கள்

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே அறை தரைக்குக் கீழே இருந்தது. படியிறங்கி, துணி வெளுக்கும் இடத்தைக் கடந்து, குழாய்கள் ஓடும் நடைபாதையின் கடைசிவரை போக வேண்டும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. எதிரே நான்கு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. அதில் எப்போதும் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்து, வளைவு எத்தனை டிகிரி என்று டாக்டர் அளப்பார். சட்டைக்குள்ளே நாள் முழுக்க ஒரு பிளாஸ்டிக் கவசம் போட்டிருப்பேன். வளைவு நாற்பத்தைந்தைத் தாண்டினால் கவசத்தால் பயனில்லை, ஆபரேஷன்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

படம் எடுப்பவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குள்ளம். ஈயம் வைத்த கனமான மேலங்கியை மாட்டிக்கொண்டால் ஆமை நிமிர்ந்து நடப்பது போலிருக்கும். செருப்பைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வேலை செய்வாள். முதல் தடவை என்னைப் பலகையில் சாய்த்து நிறுத்தி, முகவாயைத் தூக்கிவிட்டு, "அசையாம நில்லு. ஒரு இளவரசி இருந்தா" என்று ஆரம்பித்தாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசு" என்றேன்.

"அவளுக்கும் பன்னெண்டுதான். மூச்சை இழு. பிடி."

இளவரசி ஒரு மலைக்கோட்டையில் இருந்தாள். கோட்டைக்குக் கீழே ஒரு டிராகன் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டால் எழுந்துவிடும். அக்கா பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப விடு" என்பாள். பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று கணினித் திரையைப் பார்த்தபடியே கதையைத் தொடர்வாள். எனக்கு அவள் பின்னந்தலை மட்டும்தான் தெரியும். இரண்டாவது படமும் எடுத்து முடிந்ததும் கதை நின்றுவிடும். மீதி நான்கு மாதம் கழித்துத்தான்.

இரண்டாவது தடவை போனபோது இளவரசி ஒரு கவசம் அணிந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேணாம். எனக்காகப் பண்ற மாதிரி இருக்கு."

"சரி, கழட்டிடலாம். முதுகு?"

"நேரா இருக்கட்டும். குச்சி மாதிரி. அவளுக்கு வேற ஏதாவது கஷ்டம் குடுங்க."

"உத்தரவு மகாராணி. என்ன கஷ்டம் வேணும்? லிஸ்ட் போட்டுக் குடு."

ஆனால் கஷ்டத்தை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். சில தடவை இளவரசி ஆற்றில் சீப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுவாள். சில தடவை பாலம் கட்டுவாள். சில தடவை இன்னொரு டிராகன் வந்து இறங்கும். இரண்டாவது டிராகன் பச்சை, அதற்குத் தும்மல் நிற்காது. மூன்றாவதற்கு ஒரு கண் குருடு. நான்காவது யாரோடும் பேசாது. நான் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைப்பேன். பள்ளியில் யாருக்கும் காட்டியதில்லை. கவசத்தையே காட்டாதவள் டிராகனையா காட்டுவேன்?

அக்கா கதை சொல்ல ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு அம்மாவுக்கு நெஞ்சுப் படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்து, தன்னையறியாமல் உச்சுக் கொட்டிவிட்டாள். அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். படத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எடுப்பவள் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. பெரிய டாக்டர் கூப்பிட்டு, "உன் மூஞ்சிக்கு வாய் இருக்கும்மா, முதல்ல அதை மூடு" என்றாராம். மூடத் தெரியவில்லை. அதனால் நிஜ வாயை ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். பெரியவர்களிடம் விலைவாசி. குழந்தைகளிடம் கதை.

பதினைந்தாவது வயதில், இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா என் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வாங்கினாள். பஸ்ஸில் கோப்பு என் மடியில் இருந்தது. பொழுது போகாமல் புரட்டினேன். இருபத்திரண்டு, அடுத்து இருபத்தெட்டு. அப்படியே இரண்டு தடவை. பிறகு முப்பத்து மூன்று. அதன்பின் முப்பத்தொன்பது, கடைசி இரண்டு தடவையும் அதுவே. ஏற்றம் வந்த மூன்று தேதிகளையும் எங்கோ பார்த்த ஞாபகம். வீட்டுக்குப் போய்க் கணக்கு நோட்டைத் திருப்பினேன். தும்மல் டிராகன், குருட்டு டிராகன், பேசாத டிராகன். அந்தந்த நாளில் வந்து இறங்கியிருந்தன. வளைவு கூடாத நாட்களில் சீப்பும் பாலமும்.

அக்காவுக்கு அது தெரிந்திருக்காது என்று அன்றே எனக்குத் தோன்றியது. முகத்தை மறைத்திருந்தாள், கதையை மறைக்கத் தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. இந்தத் தடவை ஐந்தாவது டிராகன் வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் கவசத்தோடு தப்பித்தேன். அந்த இரண்டு மாதமும் தூங்கப் போகும்போதெல்லாம் இளவரசி சீப்பைத் தேட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அன்று அம்மா பெஞ்சில் இருந்தாள். நான் பலகையில் சாய்ந்து நின்றேன்.

"எங்க விட்டோம்?" என்றாள் அக்கா.

"பாலம் முடிஞ்சிருச்சு."

"ஆங், முடிஞ்சிருச்சு. மூச்சை இழு. பிடி. விடு." தடுப்புக்குப் பின்னால் போனாள். "இளவரசி பாலத்து மேல நடந்து போறா. காத்து அடிக்குது. அப்போ வானத்துல..."

நின்றுவிட்டாள்.

"வானத்துல என்னக்கா?"

"மேகம்."

"டிராகன் வருதா?"

"வரலாம், வராமலும் போகலாம். அசையாதே, இன்னொரு படம் இருக்கு."

"அக்கா, என் வளைவு கூடுற அன்னைக்கு மட்டும்தான் உங்க கதையில டிராகன் வருது. நோட்டுல தேதி போட்டு வச்சிருக்கேன். மூணு தடவை வந்துச்சு, மூணும் சரியா இருக்கு."

அக்கா முதல் முறையாகத் திரையிலிருந்து திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். திருட்டு பிடிபட்டவள் முகம்.

"நான் அப்படியா பண்ணினேன்?"

"ஆமா."

"அய்யோ" என்றாள். யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க, இருங்க, உள்ளே ஆள் இருக்கு!" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொல்லக் கூடாதுடா. டாக்டர்தான் சொல்லணும்" என்றாள்.

"டாக்டர் அம்மாகிட்டதான் சொல்வாரு. நான் பக்கத்துல மரம் மாதிரி உக்காந்திருக்கணும். அம்மா அழுவாங்க. அப்புறம் எல்லாரும் அம்மாவைப் பாத்துப்பாங்க. நீங்க மேகம்னு சொன்னா மேகம்னு நம்பிடுறேன். ஆனா பொய் சொல்லாதீங்க."

அவள் மேலங்கியின் பட்டையை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"வந்திருச்சு" என்றாள்.

"பெருசா?"

"பெருசுதான்."

அக்கா தடுப்பைத் தாண்டி வந்து, அந்த அங்கியோடேயே தரையில் உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். நான் சத்தமில்லாமல் அழுதேன். அவள் கதவைத் தட்டியவரை இரண்டு தடவை திட்டினாள். மூக்கைச் சிந்தத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"ஓரத்துல சிந்து. நடுவுல நான் டீக்கறை துடைச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது. எழுந்து இரண்டாவது படத்துக்கு நின்றேன்.

மேலே டாக்டர் அறையில் நான் நினைத்தபடியே நடந்தது. அம்மா உடைந்துபோனாள். நான் என் அழுகையைக் கீழேயே முடித்துவிட்டு வந்ததால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும், நீச்சல் அடிக்கலாமா, மலை ஏறலாமா என்று டாக்டரிடம் கேள்வி கேட்டது நான்தான். "ஏறலாம்" என்றார் அவர், என்னைப் பார்த்தே.

ஆபரேஷன் வேறு ஊரில் நடந்தது. அதன்பின் அந்தப் படிகளில் இறங்கும் தேவை எனக்கு வரவில்லை. முதுகில் இரண்டு கம்பிகளோடு ஒன்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றினேன். கப்பல் சமையலறை, தேயிலைக் கிடங்கு, ஒரு மலையடிவாரத்து விடுதி. எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை.

போன மாதம் திரும்பி வந்ததும் அங்கே போனேன். நடைபாதைக்குப் புதுச் சாயம். பெஞ்சு அதேதான். அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வளந்துட்டியேடி. நாலு விரற்கடை எக்ஸ்ட்ரா!"

தேநீர் நேரத்தில் பேசினோம்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லலைக்கா."

"நீ சொல்லலை. நானே அன்னைக்குச் சாயங்காலம் போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வயித்துல வச்சுக்க முடியலை."

"திட்டினாரா?"

"இனிமே சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டாரு. ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசலை." கோப்பையை வைத்தாள். "அதோட இளவரசியையும் நிறுத்திட்டேன். இப்போ மீன் கதைதான். ஒரே ஒரு மீன். தொட்டியில சுத்தும். ஒண்ணும் நடக்காது."

"போர் அடிக்காதா?"

"அடிக்கும். அதுதான் வேணும். இன்னொரு பிள்ளை நோட்டு போட்டு என்னைப் படிச்சிடக் கூடாது."

அதைக் கேட்க எனக்கு என்னவோ போலிருந்தது. அந்த நான்கு டிராகன்களையும் நானே விரட்டிவிட்டதாகத் தோன்றியது. "நீங்க சொன்னதுதான்கா எனக்கு நல்லது பண்ணுச்சு" என்றேன்.

"உனக்குப் பண்ணுச்சு. அடுத்த பிள்ளைக்குப் பண்ணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளைக் கூப்பிட்டார்கள். கையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி உள்ளே போனாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பெஞ்சில் ஏழாவது ஆளாக ஒண்டிக்கொண்டேன். உள்ளே மீன் சுற்ற ஆரம்பித்தது.

"அந்த மீன் தனியாவா இருக்கு?" என்றாள் சிறுமி.

"ஆமா."

"ஏன்?"

பெஞ்சில் இருந்த ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருந்தோம்.