இளையவளின் தாள்

நாகமணிக்கு வாய் அதிகம் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். எதிரில் நின்று சொன்னால், “எவ்வளவு அதிகம், ஒரு கூடை இருக்குமா?” என்று திருப்பிக் கேட்பாள். அதனால் அவள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சொல்வார்கள்.

1982-இல் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, மலை மடிந்து மடிந்து போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதில் கூடையும் கொழுந்து வெட்டும் கத்திரியும் தூக்கியவள். கணவன் கந்தன் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற பகுதியில் வேலை செய்தான். பேசுகிற பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தான். அந்த வருஷம் கொழுந்து வெட்டும் மூன்றாம் கேங்கை நடத்திய கங்காணி செல்லையா வேலையிலிருந்து ஓய்வு பெற்று அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப் போனார். அவருடைய இடம் தனக்கு வேண்டும் என்று நாகமணி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அந்தத் தோட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டதில்லை.

மேனேஜர் கனகராஜ் ஈப்போக்காரர். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியும் அவரையும் எல்லோரும் துரை என்றுதான் அழைத்தார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

“ஒனக்கு வேல தெரியும் நாகமணி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆள நடத்துறதுக்கு ஒரு புத்தி வேணும்லா. அது படிச்ச வீட்டுல வரும். லயத்து வரிசை வீட்டுல வளந்தவங்களுக்கு வராது.”

“செல்லையாண்ணன் எந்த வீட்டுல படிச்சாரு தொரை?”

“பாத்தியா, இதத்தான் சொல்றேன்” என்றார் துரை.

அந்தப் பதில் அவளை வேறு யாரையும்விட அதிகமாகச் சுட்டதற்குக் காரணம் இருந்தது. படித்த வீட்டில் வளர்ந்த இன்னொரு நாகமணி இருந்தாள். அவள் பெயர் பத்மா.

தங்கம்மாவுக்கும் முனியாண்டிக்கும் ஒரே காலையில் பிறந்த இரட்டைப் பெண்கள் அவர்கள். நாகமணி முதலில் வந்தாள். இருபத்தைந்து நிமிஷம் கழித்துப் பத்மா. பின்னால் பிறந்ததுதான் கருப்பையில் முதலில் இடம் பிடித்தது, ஆகவே அதுதான் மூத்தது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நாகமணி நினைவு தெரிந்த நாளிலிருந்து பத்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். கொழுந்தெடுக்கப் போகிற தாயால் இரண்டுக்கும் பால் கொடுக்க முடியவில்லை. நாற்பதாம் நாள், தோட்ட ஆபீசில் கணக்கெழுதும், பிள்ளையில்லாத நல்லுசாமிக் கிராணியும் அவர் மனைவியும் பத்மாவை ரிங்லெட்டுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே புத்தக அலமாரி இருந்தது, கதவு வைத்த குளியலறை இருந்தது. பத்மா படித்து, தாப்பாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையானாள். தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு பேரும் சந்திக்கும்போது, ஒரே முகம் ஒன்று பவுடரும் ஒன்று வெயிலும் பூசிக்கொண்டு எதிரெதிரே நிற்கும்.

பிரிந்து வளர்ந்த இரட்டையர்கள் தேவை என்ற அறிவிப்பைத் தமிழ் நாளிதழில் பார்த்தது பத்மாதான். கோலாலம்பூரில் மனோதத்துவம் கற்பிக்கும் டாக்டர் விஜயன் கொடுத்திருந்தார். மனிதர் குணத்தில் பிறப்போடு வருவது எவ்வளவு, வளர்ப்பில் வருவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற ஆராய்ச்சி. அக்கா சொன்னதற்காக நாகமணி ஒத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில், தொட்டில்களையெல்லாம் மேலே சுருட்டிக் கட்டிவிட்டு அந்தப் பரீட்சை நடந்தது. டாக்டர் வரவில்லை. அவருடைய உதவியாளர் ரமணி ஒரு நர்சோடு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். விரலில் மை தடவினார்கள்.

“நான் கைநாட்டு இல்ல, பேரு எழுதுவேன்” என்றாள் நாகமணி.

“இது ரேகைக்குக்கா” என்று ரமணி சமாதானப்படுத்தினாள்.

பிறகு நிறக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னாள். ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து நூறு கேள்விகளுக்கு மேல் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதிக்கொண்டாள். மதிப்பெண் போடுகிறவர்களுக்கு யாருடைய தாள் என்று தெரியக்கூடாது. அதனால் தாள்களில் பெயர் எழுதுவதில்லை. ஒன்றில் மூத்தவர், ஒன்றில் இளையவர், அவ்வளவுதான்.

“ஒங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க?” என்று ரமணி கேட்டாள்.

நாகமணி அக்காவைக் காட்டினாள். பத்மாவும் தன்னையே காட்டிக்கொண்டாள். ரமணி எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் விஜயனே வந்தார். இரத்தப் பரிசோதனை அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்று உறுதி செய்திருந்தது. இரண்டாம் கட்டப் பரீட்சைக்கு இருவரின் கையெழுத்தும் வேண்டும். நாடு முழுக்கத் தேடியும் இப்படி ஆறு ஜோடிதான் கிடைத்திருந்ததால், கிடைத்ததைத் தொலைக்க அவருக்கு மனமில்லை.

ஆபீசில் சந்தித்தார்கள். பள்ளி விடுமுறை, பத்மாவும் வந்திருந்தாள்.

“டீச்சர், உக்காருங்க” என்று துரை ஒரு நாற்காலியை முன்னால் தள்ளினார். நாகமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து, அக்காவுக்குச் சமமாகப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலிக் கால் தரையில் கீச்சிட்டது.

டாக்டர் விஜயன் நல்ல மனிதர்தான். ஆனால் தன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்க ஒருவர் கிடைத்தால் அவருக்கு வாய் நிற்காது. துரை கேட்டார், அவர் சொல்லிவிட்டார்.

“கட்டை அடுக்குறது, கோபம், கூச்சம், எல்லாத்துலயும் ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணு. ஆளுகள வழிநடத்துற குணத்துலதான் கொஞ்சம் வித்தியாசம். ஐம்பதுக்கு டீச்சர் நாப்பத்து மூணு. இவங்க முப்பத்தெட்டு. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா காரணம் தெளிவாத் தெரியுது. ரத்தம் ஒண்ணு, வீடு வேற. புத்தகம், பள்ளிக்கூடம், பேச வாய்ப்பு. வளர்ப்புதான்.”

துரையின் முகம் மலர்ந்துவிட்டது.

“நான் வாயால சொன்னத டாக்டர் நம்பர்ல சொல்லிட்டாரு. கேட்டுக்கிட்டியா நாகமணி? இந்த நாப்பத்து மூணு மாதிரி ஒரு ஆளு என் தோட்டத்துல இருந்தா நாளைக்கே கங்காணியாப் போட்டுருவேன்லா.”

நாகமணிக்கு அந்த எண்கள்மேல் கோபம் வரவில்லை. அக்கா கெட்டிக்காரி, ஐந்து கூட வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் பதினேழு வருஷமாகத் தான் செய்வதை ஒருமுறைகூடச் செய்து பார்க்காத அக்கா, ஆள் நடத்துவதில் மட்டும் எப்படி மிஞ்சினாள் என்பதை அறிய ஆசையாக இருந்தது.

“அப்படி என்னதான் சொன்னிச்சு எங்கக்கா? ஒண்ணே ஒண்ணு படிங்க டாக்டர். நானும் கத்துக்கறேன்.”

“அது இன்னொருத்தர் பதில்மா. காட்டக்கூடாது.”

“என்னோட பதில்தானே” என்றாள் பத்மா. “எனக்குச் சம்மதம். படிங்க.”

டாக்டர் கோப்பைப் பிரித்து, ‘இளையவர்’ என்றிருந்த தாளை எடுத்தார். புதிதாகச் சேர்ந்தவரை வேலைக்கு எப்படிப் பழக்குவீர்கள் என்பது கேள்வி. பதிலை எழுதியிருந்தபடியே வாசித்தார்:

“ரெண்டு பழைய ஆளுக்கு நடுவுல நிரையில நிறுத்துவேன். ஒரு வாரத்துக்கு நிரை மாத்த மாட்டேன். கத்திரியைப் புடுங்கி நானே வெட்டிக் காட்ட மாட்டேன். அவங்க கையாலயே தப்பு பண்ணட்டும்.”

பத்மா சிரித்துவிட்டாள்.

“டாக்டர், எனக்குக் கத்திரியில கோழித் தீனிப் பொட்டலம்தான் வெட்டத் தெரியும். இது நான் சொன்னது இல்ல. இது நாகு.”

“நான் சொன்னது” என்றாள் நாகமணி.

டாக்டர் விஜயன் பிறப்புப் பதிவின் நகலை எடுத்தார். “இதுல நாகமணிதான் முதல்ல. அப்ப அவங்கதானே மூத்தவங்க? இளையவர்னு இருக்கற தாள் டீச்சரோடது...”

“பின்னால பொறந்தா அக்கா” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். பத்மா குடும்பத்து வழக்கத்தை விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் அவர் பேனாவைத் திறந்து, தன் மதிப்பெண் பட்டியலில் இருந்த இரண்டு பெயர்களையும் அடித்து மாற்றி எழுதிவிட்டார். நாற்பத்து மூன்று நாகமணியுடையது. முப்பத்தெட்டு பத்மாவுடையது.

பேனாவை மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்: “அப்படின்னா... இந்தக் குணம் பிறப்போடயே வந்திருக்கலாம். வீடு எதுவா இருந்தாலும் ரத்தத்துல இருந்தது மேல வந்துருச்சு.”

“ஆமாலா, பரம்பரை” என்று துரையும் அவசரமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்.

நாகமணி எழுந்து நின்றாள்.

“இப்பத்தான வளர்ப்புன்னீங்க. தாளு கை மாறுனதும் ரத்தம்னு சொல்றீங்க. நம்பரு மாறவே இல்ல, ரெண்டும் அதேதான் இருக்கு. ஒங்க கததான் மாறுது. எங்கப்பன் முனியாண்டி, கங்காணி இருமுனாக்கூட எழுந்திருச்சி நிப்பாரு. எங்காத்தா பேசுனா பக்கத்துல இருக்கற அடுப்புக்குக் கேக்காது. அந்த ரத்தத்துல எங்கேருந்து வந்துச்சாம்? நான் பதினேழு வருசம் அந்தச் சரிவுல நின்னிருக்கேன். எத்தன பேர நிரையில நிறுத்திப் பழக்கிவுட்டிருக்கேன். செல்லையாண்ணன் லீவு போட்ட நாளெல்லாம் யாரு கேங்கப் பாத்தாங்கன்னு கேளுங்க. அதுக்கு ஒங்க தாள்ல ஒரு கட்டம் இருக்கா டாக்டர்?”

“இல்லம்மா” என்றார் அவர். அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. “இருந்திருக்கணும்.”

துரை தொண்டையைச் செருமினார். “சரி நாகமணி. மூணு மாசம் போட்டுப் பாக்கறேன். சரியா வந்தா...”

“செல்லையாண்ணனுக்கு மூணு மாசம் பாத்தீங்களா?”

துரை டாக்டர் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கேன்னு சொன்னது நீங்க. எங்கக்காளும் டாக்டரும் கேட்டாங்க. நாளைக்குக் காலைல பெரட்டுல ஆளுகளுக்குப் பேர் வாசிக்கறப்ப நான் கங்காணி நிக்கிற எடத்துல நிப்பேன். வேற பேர வாசிச்சா, எதுக்குன்னு அத்தன பேரு முன்னால கேப்பேன்.”

அவள் புறப்பட்டபோது டாக்டர் சங்கடத்தோடு அந்தச் சம்மதப் படிவத்தை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

“வேணாம் டாக்டர். என்ன ரத்தம், வளர்ப்புன்னு ரெண்டாப் பிரிச்சுப் பாத்து முடிச்சிட்டீங்க. ரெண்டு பாகத்துலயும் நான் இல்ல.”

டாக்டர் பத்மாவைப் பார்த்தார். பத்மா கைப்பையை மூடிக்கொண்டாள். “தங்கச்சி போடலன்னா நானும் போடல. எங்கள விட்டுருங்க.”

மறுநாள் பெரட்டுக்களத்தில் பனி இறங்கியிருந்தது. ஆட்கள் கேங் கேங்காக நின்றார்கள். மூன்றாம் கேங்குக்கு முன்னால், செல்லையா போனதிலிருந்து காலியாகக் கிடந்த இடத்தில் நாகமணி நின்றாள். கந்தன் தொழிற்சாலைக்குப் போகாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை வரிசையாக வாசித்தார். முதல் கேங். இரண்டாம் கேங். மூன்றாவதில் நிறுத்தி, தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“மூணாம் கேங், நாகமணி” என்று வாசித்து, அந்தக் கேங்கின் செக்ரோல் புத்தகத்தை அவளிடம் நீட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அந்தக் கங்காணி வேலைக்குக் காத்திருந்த வேலப்பன் வரிசையைவிட்டு வெளியே வந்தான். “பொம்பள கொரலுக்கு நான் மலையேற மாட்டேன்.”

சிரிப்பொலி எழுந்தது. நாகமணி துரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. செக்ரோல் புத்தகத்தைத் திறந்தாள். அன்று வந்தவர் யார், வராதவர் யார் என்று கங்காணி எழுதுகிற புத்தகம்; அதைப் பார்த்துத்தான் சம்பளம்.

“வேலப்பண்ணே, மலையேறலன்னா இதுல வரலன்னு எழுதணும். எழுதவா?”

அவன் அவளையும் புத்தகத்தையும் பார்த்தான்.

“எழுதவான்னு கேட்டேன்.”

“நான் வந்துதானே நிக்கிறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு வேலப்பன் கத்திரியை எடுத்தான்.

“அப்ப வந்துட்டாருன்னு எழுதறேன்” என்றாள் நாகமணி. எழுதினாள். பிறகு தன் கேங்கின் முப்பத்தொரு பேரையும் முன்னால் விட்டு, அவர்களுக்குப் பின்னால் சரிவில் ஏறினாள்.