காசு கட்டாத ஏலக்காரர்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஏலம் நடக்கும். கூவுகிறவரும் இல்லை, கூட்டமும் இல்லை. மகன் பழைய நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றைக் கழுவித் துடைத்து, கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பான். அதை முகநூலில் உள்ள ஏலக் குழு ஒன்றில் போடுவான். ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். கூடிய விலை கேட்டவருக்குப் பொருள். மூன்று நாளுக்குள் அவர் வங்கியில் காசு போடவேண்டும், காசு வந்த பிறகே பொருள் போகும். விதிகள் இவ்வளவுதான்.

இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததென்று சொல்லமாட்டேன். அவன் ஏதோ செய்கிறான் என்பதே போதுமாயிருந்தது. அதற்கு முந்தின வருடம் அவன் ஐரோப்பாவுக்கென்று ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டவன். அவனையும் இன்னும் நாலு பேரையும் ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் ஓர் அறையில் விட்டுவிட்டு, இரண்டு கிழமையில் அடுத்த பயணம் என்று சொல்லிப் போனார்கள். ஏழு மாதம் போனது. கடைசி இரண்டு மாதமும் அவனுடைய போன் வேலை செய்யவில்லை. அந்த நாட்களை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஒரு தோள்பையோடு திரும்பி வந்தவன், அதன் பிறகு ஒருவருடைய வாய்ச்சொல்லையும் நம்பவில்லை. கடைக்காரர் மிச்சக் காசு தந்தால் அந்த இடத்திலேயே நின்று இரண்டு தரம் எண்ணுவான். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அவனுக்கும் முகம் வெளிறும், எனக்கும் வெளிறும்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த கை அவனுடையது. பழைய இரும்புக் கடைகளில் நிறுவைக்கு வாங்கிய இயந்திரங்களைத் திருத்தி, வர்ணம் பூசி, ஏலத்தில் விடத் தொடங்கினான். முதல் மூன்றும் சிறியவை. காசும் ஒழுங்காக வந்தது. நாலாவது பெரியது. அதற்கு இரண்டு மாதம் மினைக்கெட்டான். உதிரிப்பாகங்களுக்காக நான் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் எடுத்திருந்தேன்.

அந்த ஏலத்தை மறக்கமுடியாது. புத்தூர்க்காரர் ஒருவர் கேட்ட விலையெல்லாம் ஒரு ரூபாயில் முடிந்தது. ஐம்பதாயிரத்து ஒன்று. ஐம்பத்தையாயிரத்து ஒன்று. யாராவது கூட்டினால் உடனே அவர் வருவார்.

"ஆரம்மா இந்தாள், கலியாணவீட்டிலை மொய் எழுதிற மாதிரி?" என்று மகன் சிரித்தான். அறுபத்தெட்டாயிரத்து ஒரு ரூபாய்க்கு ஏலம் அவருக்கு முடிந்தது. விதிப்படி அவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தார். முகவரிக்கு, 'புத்தூர்ச் சந்தியில் கேட்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் மகன் அழைத்தபோது, "ஓம் தம்பி, காசு எங்கை ஓடப்போகுது!" என்று உற்சாகமாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்பினான். அதோடு மனிதர் ஓய்ந்துபோனார். மூன்று நாள் போனது. ஐந்து நாள் போனது. அழைப்பை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் புகுந்தேன். பிரதேச செயலகத்தில் இருபத்தைந்து வருடம் நினைவூட்டல் கடிதம் எழுதிய கை சும்மா இருக்குமா? 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் பதில் இல்லை என்றதும் 'இறுதி அறிவித்தல்' என்று தலைப்புப் போட்டு இன்னொன்று. மகன் இரண்டையும் அப்படியே அனுப்பினான். இரண்டாவது போய்ச் சேரவில்லை. அவர் எங்களைத் தடை செய்திருந்தார்.

இரண்டாவதாகக் கேட்டவருக்குக் கொடுக்கலாமே என்றேன். அவர் வேறெங்கோ வாங்கிவிட்டாராம். மகன் இயந்திரத்தைச் சாக்கால் மூடிவிட்டு அறைக்குள் போனான். ஒன்பதாம் நாள் சாப்பாட்டுக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாத்தியளோ அம்மா. இஞ்சையும் உப்பிடித்தான், அங்கையும் உப்பிடித்தான். ஏமாறுறதெண்டா அங்கை போய் ஏமாறலாம்."

"என்னடா கதைக்கிறாய்?"

"அந்த ஏஜென்சிக்காரன் திரும்பக் கதைச்சவன். இந்த முறை வேறை வழியாம். போன முறைக் காசைக் கழிச்சுவிடுவானாம். வெள்ளிக்கிழமை போன் எடுப்பன், முடிவைச் சொல்லு எண்டவன்."

அன்று செவ்வாய்க்கிழமை. என் கணவர் வேலை நிமித்தம் மன்னாரில் நிற்கிறார், இருதயத்துக்கு மருந்து எடுப்பவர். அவருக்குச் சொல்லத் துணியவில்லை. மகனைத் திட்டவும் பயம், கெஞ்சவும் பயம். புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, இருபாலைச் சந்தியில் பஸ் மாறிப் புத்தூருக்குப் போனேன். போய் என்ன சொல்வது என்று தெரியாது. காசு வாங்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு காரணமாவது வாங்கிவந்து அவனுக்குக் காட்டவேண்டும் என்று மட்டும் இருந்தது.

சந்தியில் நின்ற ஓட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னேன்.

"ஆர், ஏலக்காரரோ?" என்றார்.

"ஏலக்காரரோ?"

"கோயிலிலை ஏலம் போனா அவர்தான் கேப்பார். மாம்பழம், இளநி, சீலை, ஒண்டும் மிச்சமில்லை. காசு வரும் அக்கா, பயப்பிடாதேங்கோ. எப்ப வரும் எண்டதுதான் அந்தப் பிள்ளையாருக்கே தெரியாது."

அவர் காட்டிய வீட்டு முற்றத்தில் ஒரு பெண் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஏலக்காரரின் மனைவி. நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் தோட்டப் பக்கம் திரும்பிக் கத்தினார். "இஞ்சாருங்கோ! நீங்கள் ஏலத்திலை எடுத்த சாமானுக்கு ஆக்கள் காசு கேட்டு வந்து நிக்கினம். இனி வீட்டுக்குத்தான் வருவினம், நல்லாக் கேளுங்கோ ஏலம்!" பிறகு என் பக்கம் திரும்பி, "இருங்கோ அக்கா. முந்தின வருசத்து மாம்பழக் காசையே இவர் போன வருசத் திருவிழாவுக்குத்தான் கட்டினவர்" என்றார்.

ஏலக்காரர் செம்மண் காலோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் வாய் திறக்குமுன் அவர் தொடங்கினார்.

"நீங்களோ மெசின் ஆக்கள்? நல்லாயிருக்கு! மெசின் எங்கை? பத்து நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். ஊரெல்லாம் சொல்லிப்போட்டன் மெசின் எடுத்திட்டன் எண்டு. இப்ப வாடகை மெசினிலை இறைக்கிறன். சனம் சிரிக்குது."

"காசு போட்டாத்தானே மெசின் தருவினம்."

"இதென்ன கதை தங்கச்சி? ஏலத்திலை எடுத்தா பொருளைக் கையிலை தாறதெல்லோ முறை? காசு அடுத்த திருவிழாவுக்குள்ளை கட்டுறது. ஆவணிக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு."

எனக்கு அப்போதுதான் அந்த ஒரு ரூபாயின் கதை விளங்கியது. எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் அப்படித்தான், கேட்கும் விலை ஒரு ரூபாயில் முடியும். திருவிழாவில் பொருளை ஏலத்தில் எடுத்தவர் மாலையோடு அதை அங்கேயே வாங்கிக்கொண்டு போவார். காசு அடுத்த வருடத்துக்குள் வந்தால் சரி. சபையில் சொன்ன சொல் என்பதால் அதை ஒருவரும் நெருக்குவதில்லை. மனிதர் எங்கள் ஏலத்தையும் அதே கணக்கில் கேட்டிருக்கிறார்.

"மூண்டு நாளெண்டு விதியிலை போட்டிருக்கே" என்றேன்.

"விதியை ஆர் வாசிக்கிறது? கோயில் நோட்டீசிலையும்தான் கனக்கக் கிடக்கு."

"சரி, ஏன் போன் எடுக்கேல்லை?"

"பாங்க் நம்பர் அனுப்பினா கள்ளர் எண்டு மகள் சொன்னவள். எண்டாலும் தம்பியின்ரை குரல் நல்ல குரலாக் கிடக்கே எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். பிறகு ஒரு கடிதம் வந்தது பாருங்கோ, 'மேலான கவனத்திற்கு' எண்டு. மெசின் விக்கிற பொடியன் அப்பிடி எழுதுவானே? அரசாங்கக் கச்சேரிக்காரர் மாதிரி எழுதி வெருட்டுறாங்கள், இது பெரிய கள்ளக்கூட்டம் எண்டு அந்த நிமிசமே பிளொக் பண்ணிப்போட்டன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருக்கவேண்டும். அதற்குப் பதில் என் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமையைப் பற்றி, அந்த அறையைப் பற்றி, போன் வேலை செய்யாத இரண்டு மாதத்தைப் பற்றி, முன்பின் தெரியாத அந்த இருவருக்கும் சொன்னேன். என் சொந்தச் சகோதரிக்கும் அவ்வளவு சொன்னதில்லை. அந்தப் பெண் வெங்காயப் பிடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஏலக்காரர் தலையைச் சொறிந்தார்.

"பொருளைப் பாக்காமல் நான் காசு தரமாட்டன், அதைச் சொல்லிப்போட்டன்" என்றார். "ஆனா இப்பவே வந்து பாக்கிறன். லான்ட்மாஸ்டரிலை ஏறுங்கோ."

லான்ட்மாஸ்டர் என்பது இரண்டு சக்கர உழவு இயந்திரம். பின்னால் ஒரு பெட்டி பூட்டியிருக்கும். அந்தப் பெட்டியில், மனைவி விரித்துத் தந்த சாக்கில், அலுவலகச் சேலையும் கைப்பையுமாக நான் உட்கார்ந்தேன். நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டி, கோப்பாயைத் தாண்டி, பருத்தித்துறை வீதியில் எல்லா வாகனமும் எங்களை முந்திப்போக, எங்கள் வீடிருக்கும் திருநெல்வேலி வரை அப்படியே வந்தேன். வழியில் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரை மெதுவாக்கி என்னை உற்றுப் பார்த்தாள். நான் கையசைத்தேன். வேறென்ன செய்வது?

சத்தம் கேட்டு மகன் வாசற் படலையடிக்கு வந்தான். அவர் இறங்கி நேரே கேட்டார்.

"நீர்தானே எனக்கு 'மேலான கவனத்திற்கு' எண்டு எழுதின ஆள்?"

"அது அம்மா எழுதினது" என்றான் மகன், என்னைக் காட்டிக்கொடுத்து. "நீங்கள்தானே காசு கட்டாத ஆள்?"

"ஆவணி வரை எனக்குத் தவணை கிடக்கு, கண்டீரோ."

நான் இடையில் புகுந்து கோயில் கணக்கை விளக்கினேன். மகன் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

சாக்கை எடுத்துவிட்டு, இயந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் அது பிடித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குழாயால் கொட்டியதும் அவர் கையை விட்டுப் பார்த்து, ஓசையைக் காது கொடுத்துக் கேட்டு, "நல்ல இழுவை" என்றார். மடியிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். மகன் தன் வழக்கப்படி இரண்டு தரம் எண்ணினான். பாதிதான் இருந்தது.

"மிச்சம் வெங்காயம் வித்தாப் பிறகு."

மகனின் முகம் மாறிவிட்டது. "முழுக்காசும் தந்தா மெசின் வரும். இல்லாட்டி இல்லை."

"என்னை நம்பமாட்டீரோ?"

"மாட்டன். ஏழு மாசம் ஒருத்தனை நம்பினனான்."

போ, இதோடு முடிந்தது, வெள்ளிக்கிழமை இவன் ஓம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அது சரி தம்பி. எண்டாலும் நான் எங்கை ஓடுறது? என்ரை வெங்காயம் நிலத்திலையெல்லோ நிக்குது. வேணுமெண்டா வந்து பாத்திட்டுப் போம்."

மகன் அவருடைய செம்மண் காலைப் பார்த்தான். பிறகு குனிந்து குழாயைக் கழற்றினான். "ஒரு பக்கம் பிடியுங்கோ, பாரம்" என்றான். இருவருமாகத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள்.

மிச்சக் காசு எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தவணையாக வந்தது. கடைசித் தவணை திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னர். "தவணைக்கு முந்தியே கட்டிப்போட்டன், எழுதி வையும்" என்றாராம். அந்த ஒரு ரூபாயையும் தனியாக எடுத்துக் கொடுத்தாராம். மகனுடைய விதிகளில் இப்போது முதல் வரி, 'இது கோயில் ஏலம் அல்ல' என்பதுதான். அதற்குப் பிறகும் சிலர் இழுத்தடித்தார்கள், ஒருவர் தரவே இல்லை. மகன் அவர்களுக்கு அழைத்துப் பேசுகிறான், சரிவராவிட்டால் பொருளைத் திரும்ப ஏலத்தில் போடுகிறான். என்னைக் கடிதம் எழுத விடுவதில்லை.

நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த மனிதர் மூன்றாம் நாளே வங்கியில் காசைப் போட்டிருந்தால், இயந்திரம் ஒரு லொறியில் ஏறிப் போயிருக்கும், கணக்கில் ஓர் இலக்கம் கூடியிருக்கும். ஆனால் ஏஜென்சிக்காரன் எப்படியும் அழைத்திருப்பான், இவனும் போயிருப்பான், நானும் இந்த வீட்டில் தனியே இருந்திருப்பேன். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் அவருடைய மனைவி விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே புத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. மெசின் இழுக்கிறதாம், ஆனால் ஒரு சத்தமாம். மகன் திருத்துகிற சாமான் பெட்டியோடு போனான். நான் அலுவலகத்தில் ஒரே ஃபைலை நாலு தரம் திறந்து மூடினேன். நான் வீடு வந்தும் அவன் வரவில்லை. ஆறு மணிக்குத்தான் வந்தான், முழங்கால் வரை செம்மண்.

"பக்கத்துத் தோட்டக்காரர் ரெண்டு பேர் தங்கடை மெசினையும் பாக்கச் சொல்லிச்சினம்" என்றான், காலைக் கழுவிக்கொண்டே.

"அந்த ஏஜென்சிக்காரன் எடுத்தவனோ?"

"ஓம்."

"என்ன சொன்னனி?"

"மெசின் சத்தத்திலை கேக்கேல்லை, பிறகு எடு எண்டன். பிறகும் எடுத்தவன். நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்." துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அம்மா, பசிக்குது. என்ன கிடக்கு?"

நான் குசினிக்குள் போனேன். எவ்வளவு போடுகிறேன் என்றே தெரியாமல் இரண்டு பேருடைய சோற்றை ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிட்டேன். அவன் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டான்.