தையற்கடை பாயும் இரண்டு டென்னிஸ் ராணிகளும்

தையற்கடை பாய் கடையைத் திறக்காமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்று நம்பினேன். என் வாய்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

எண்பதுகளில் கடத்தூரில் பெண்கள் டென்னிஸுக்கு எனக்குத் தெரிந்து இரண்டே ரசிகர்கள், அவரும் நானும். டென்னிஸ் மைதானத்தை இருவருமே நேரில் பார்த்ததில்லை. வலையருகே பாய்ந்து அடிக்கும் இடதுகைக்காரி என் கட்சி. பின்னால் நின்று பொறுமையாக ஆடுபவர் பாயின் கட்சி. பேப்பர் வந்ததும் சண்டை தொடங்கிவிடும்.

அவர் கட்சி தோற்ற ஒரு நாள், "பத்து வருசத்துல உங்க அம்மணி பேரே யாருக்கும் தெரியாது பாய்" என்றேன்.

"உங்க ஆளு ஓடியோடி அடிக்குதுங்க. காலு போனா ஆட்டம் போச்சு. எங்க அம்மணி மூளையால ஆடுதுங்க, மறக்க முடியுமா?" என்றார்.

மறுவாரம் கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ஒரு மனிதரின் பிழைப்பையே நாக்கால் கெடுத்துவிட்டேனே! தோல்வியை ஒப்புக்கொள்வதென்று முடிவு செய்து, வழியெல்லாம் சைக்கிளிடம் சொல்லிப் பழகிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன்.

பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். உட்காரக்கூட இல்லை, ஒரே மூச்சில் கொட்டினேன்: "உங்க அம்மணிதான் பாய் பெரிய ஆளு!"

அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை. கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது.

"தொண்டையில புத்துநோயிங்கண்ணா" என்றார் அவர் மனைவி.

சேலத்தில் குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள்.