நான் எழுதிப் பெற்ற வேலி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், நகரத்துக்கு வெளியே விட்பிப் பக்கத்து ரயில் ஸ்டேஷன் ஒன்றில் ரிக்கற் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கண்ணாடிக்கு வெளியே ஒரு பார்க்கிங் லொட்டும் அதற்கு அப்பால் சோளமும்தான் தெரிந்தன. இரண்டு வருடத்தில் சோளம் போய் வீடுகள் வந்தன. வீடு பார்க்க வந்த நம்மவர்கள் ஏஜென்ரை நம்பாமல் என்னிடம் விசாரித்தார்கள். யூனிஃபோம் போட்டவன் பொய் சொல்லமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அப்படி வந்தவர்தான் நகரத்துக்குள் மோர்னிங்சைட் பகுதியில் வாடகைக்கு இருந்த ஜெயா. டவுன்ரவுன் ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கும் லோன்றியில் வேலை. கார் ஓடத் தெரியாது.

“அண்ணை, ஸ்டேஷனுக்கு நடக்கலாமோ?”

“ஓம் தங்கச்சி. உந்த வெட்டையால வந்தால் அஞ்சு நிமிஷம்.”

வீட்டை வாங்கிவிட்டார். அவரும் அயலவரும் நடந்து நடந்து அந்த வெறுங்காணியில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. பனிக்காலத்தில் ஒருநாள் ஜெயா அதில் சறுக்கி விழுந்து, வீங்கிய கையோடு வந்து ரிக்கற் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பாதை போட்டு லைற் பூட்டச் சொல்லி மேலிடத்துக்கு ரிப்போட் எழுதினேன். படமும் கீறி, அவர் விழுந்த இடத்தை வட்டமிட்டேன். ‘ஆபத்து’ என்று மூன்று இடத்தில் எழுதினால் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். கவனித்தார்கள்.

“வெரி குட் ரிப்போட்” என்று சூப்பர்வைசர் போன் எடுத்துப் பாராட்டினார். பனி உருகியதும் ஆட்கள் என் படத்தோடு வந்து, நான் வட்டமிட்ட இடத்திலேயே முதல் தூணை நட்டு, பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி அடித்தார்கள்.

இனி பெரிய றோட்டால் சுற்றி நாற்பது நிமிட நடை. ஜெயா வேலைக்குப் போகும் விடியற்காலையில் பஸ்ஸும் இல்லை. ஜெயா மூன்று முறை ரயிலைத் தவறவிட்டார். இன்னொருமுறை பிந்தினால் வரவேண்டாம் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

“உந்த வேலியைப் போடச் சொன்ன நாசமாய்ப் போவான் ஆரண்ணை?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“நான்தான் தங்கச்சி. உங்களுக்குப் பாதை கேட்டுத்தான் எழுதினனான்.”



“விழுந்தது நான். எழும்பி வந்ததும் நான். என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு அவர் சொன்னபடியே இரண்டாவது ரிப்போட் எழுதினேன். ஒரே வரி: வேலியில் ஒரு கேற் வையுங்கள்.

வைத்தார்கள். அப்போது ஜெயாவுக்கு வேலை போய் ஒரு மாதம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவருக்காக எழுதுமுன் அவரைக் கேளுங்கள். இந்தப் பாடத்தை நான் படித்துக்கொள்ள வேலையை இழந்தது நானல்ல, ஜெயா.